மென்டார் கையெழுத்துக்கு முன்னால் ஓர் அரை மணி நேரம்

காரைக்குடி வட்டாரத்துக் கல்வியியல் கல்லூரி முதல்வர்களுக்கும், அங்கே மென்டார், அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டி, என்று பெயர் போட்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளத்தூர்க்காரி. 2018ல் பி.எட். முடித்தேன், இப்போது ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சேர வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி வழி சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இந்த மடலை எழுத வைத்தது, போன மாதம் எங்கள் வீட்டு வளவில் வந்து உட்கார்ந்த ஒரு பெண். அடுத்த தெருப் பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.ஏ. வரலாறு வரைக்கும் தமிழ்வழியிலேயே படித்தவள். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து, "அக்கா, தமிழ்வழிச் சான்று யார் யாரிடம் வாங்கணும்?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தால் பி.எட். மட்டும் ஆங்கிலவழி என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். சேரும்போது படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததாம், இங்கிலீஷ் மீடியம் என்றால் தனியார் பள்ளியில் மதிப்பு என்று வரிசையில் முன்னால் நின்றவள் சொன்னாளாம், இவளும் டிக் அடித்துவிட்டாள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. 2020ல் அதைத் திருத்தி, பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கி அந்த வேலைக்குக் கேட்கும் கடைசிப் படிப்பு வரைக்கும் தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆசிரியர் வேலைக்குக் கேட்கும் படிப்பில் பி.எட்.டும் சேர்த்தி. ஆக பதினைந்து வருஷம் தமிழில் படித்ததை ஒரு டிக் அடித்துப் போட்டுவிட்டது. அந்தப் படிவத்தை வாங்கிய மேசைக்குப் பின்னால் உங்களில் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். "இதுவரை எந்த வழியில் படித்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அது நடந்திருக்காது.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, என் கதையும் ஏறக்குறைய அதுதான். நான் பி.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம். உயிர் அறிவியல் கற்பித்தல் எடுத்துக்கொள் என்று சேர்த்துக்கொண்டார்கள், நானும் லெசன் பிளான், மைக்ரோ டீச்சிங், ரெக்கார்டு என்று விழுந்து விழுந்து எழுதினேன். அரசுப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான பாடப் பட்டியலில் தாவரவியல் உண்டு, விலங்கியல் உண்டு, என் பாடம் இல்லை என்பது விண்ணப்பம் போடும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் என் பட்டம் எதற்கு இணை, எந்த அரசாணையில் என்று ஒரு வருஷம் அலைந்தேன். சேர்க்கையின்போதே யாராவது சொல்லியிருந்தால், அப்போதும் நான் சேர்ந்திருக்கலாம். ஆனால் தெரிந்து சேர்ந்திருப்பேன், கையோடு வேறு வழியும் பார்த்திருப்பேன்.

எனக்கும் மென்டார் இருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு முந்தின வாரம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு மென்டார் டைரியைக் கொடுத்தார்கள். நடந்துமுடிந்த மாதங்களுக்கெல்லாம் ஒரே மத்தியானத்தில் பக்கங்களை நிரப்பினோம். 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து. ஒரே மையில் இருந்தால் தெரிந்துவிடும் என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதச் சொன்னார்கள். எதிர்காலத்தில் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு அது என்ன பாடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்படி இரண்டு வருஷமும் சேர்த்து 200 மாணவர்கள் இருந்தால் 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் ஆறரை மணி நேரம், அதாவது ஒரு வேலை நாள். அதே விதி வருஷத்துக்கு 200 வேலை நாள் வேண்டும் என்கிறது. அதில் ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? (பதினாறு பேரும் நிஜமாகவே கல்லூரிக்கு வருகிறார்களா, பெயர் மட்டும்தான் வருகிறதா என்ற கேள்விக்கு இந்த மடலில் இடமில்லை.)

எங்கள் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்குப் போனவர். போகும்போது மீசை முளைக்காத பையன், பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைசி எடுபிடியாகத்தான் சேர்ந்தாராம். ஆனால் அவருக்கு மேலே அடுத்தாள் இருந்தார், அவருக்கும் மேலே மேலாள் இருந்தார். எந்தப் பேரேட்டில் எதை எழுதுவது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று பக்கத்திலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது பையன் ஆளாகியிருப்பான் என்று ஐயா சொல்வார்கள். அந்த வட்டிக்கடைகளைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக எவ்வளவோ சொல்லலாம். ஆனால் புதுசாக வந்த பையனைப் படிவத்தோடு வரிசையில் நிற்கவிட்டு, முன்னால் நிற்பவனிடம் கேட்டுக்கொள் என்று அங்கே யாரும் விட்டதில்லை.

அரை மணி நேரத்தில் என்ன பேசுவது என்றால், முதலில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்த பகுதி. பிளஸ் டூவோடு கணக்கை விட்ட தாவரவியல் பிள்ளை அதைக் கடைசி மாதத்தில் படித்துத் தேற முடியாது, முதல் வருஷமே சொல்ல வேண்டும். வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கே டெட் வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு இதைத் தள்ளிப்போட என்ன இருக்கிறது? டெட் தேறினால் வேலை என்று இன்னமும் நம்புகிறவர்களிடம், 2018ல் வந்த 149ஆம் எண் அரசாணைப்படி அதற்கப்புறம் போட்டித் தேர்வு ஒன்றும் உண்டு என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் எடுக்க ஆசை என்று வருகிறவர்களிடம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்ததைப் பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள். அவர்கள் சேர வேண்டியது தொடக்கக் கல்வி டிப்ளமோ. பிளஸ் டூ முடித்த கையோடு நாலு வருஷ பி.எஸ்சி.பி.எட். சேர வருகிறவர்களுக்குப் பதினேழு வயது, அவர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள். எம்.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், அதற்குத் தேவை அவரவர் பாடத்தில் முதுகலை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். நடுவில் கல்யாணம் நிச்சயமாகும், அடுத்த வருஷம் பிள்ளை உண்டாகியிருப்பாள். இரண்டாம் வருஷம் பதினாறு வாரம் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும், அதில் 90 விழுக்காடு வருகை வேண்டும், முடியாது என்று டி.சி. கேட்டு வந்து நிற்பாள். நீங்களும் பாவம் என்று கொடுத்துவிடுகிறீர்கள். சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் முடித்தால் போதும் என்று அந்த 2014 விதியிலேயே இருக்கிறது. டி.சி. எழுதுவதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள், மாமியாரையோ மாப்பிள்ளையையோ கூப்பிட்டு உட்காரவைத்தும் சொல்லுங்கள். என்னோடு படித்த இருவர் இப்படிப் பாதியில் போனார்கள். ஒருத்தி இப்போது புதுவயலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், மற்றவர்களின் டெட் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுக்கிறாள். மூன்று வருஷ விஷயத்தை நான் போன வருஷம்தான் அவளிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அதனால் கேட்கிறேன், இந்தச் சேர்க்கைக்கு அலுவலக வாசலில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடுங்கள். கட்டணம் கட்டும் கவுண்டருக்கு முன்னால் வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை. விதியும் அரசாணையும் படித்த ஓர் ஆசிரியர் அங்கே உட்காரட்டும். ஆள் இல்லை என்றால் சனிக்கிழமைகளில் நானே வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம்.

சொன்னேனே அந்தப் பெண், அவள் தங்கை இந்த வருஷம் பி.எட். சேருகிறாள். அவள் படிவத்தை நான் பார்த்துத்தான் அனுப்புவேன். அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் படிவத்தை நீங்கள் பாருங்கள்.