நிரைப்பலகை எண்கள்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்பு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு நீயும் மதினியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தானே பேப்பர் படிக்கிறாள்.

இன்று எழுத உட்கார்ந்த காரணம் வேறு. சாலைக் கடைவீதியில் நம் கடை இருந்த கட்டடத்தை வருகிற தை மாதத்துக்குப் பிறகு இடிக்கப் போகிறார்கள். உடைமைக்காரரின் பேரப்பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை; ஒவ்வோர் இடவப்பாதி மழைக்கும் மச்சு ஒழுகுகிறது; மூன்று தலைமுறைக்குப் பங்கு பிரித்தால் ஒருவர் கைக்கும் எதுவும் மிஞ்சாத வாடகை. ஆனாலும் செய்தி கேட்ட நாளிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை.

சென்ற வாரம் சாவி வாங்கிக்கொண்டு டார்ச் விளக்கோடு மச்சில் ஏறினேன். நம்முடைய அந்த ஓட்டுத் தகராறு நினைவிருக்கிறதா? ஓட்டின் அடியில் 1865 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, கட்டடம் அந்த ஆண்டில் கட்டியதுதான் என்று நீ சாதித்தாய். உன் அப்பாவும் உன் பக்கம் நின்றார். அது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, சுப்பு. பின்னாளில் செய்த ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் பதித்தார்கள். உண்மையான ஆண்டு உத்திரத்தில் இருந்தது. ஒட்டடையைத் துடைத்துப் பார்த்தபோது அயினிக் கட்டையில் 1101 என்று செதுக்கியிருந்தது. கொல்லம் ஆண்டு 1101 என்றால் 1925-26. தொண்ணூற்றொன்பது வெள்ளம், அதாவது 1924 ஆடி மாதத்துப் பெருவெள்ளம், வடிந்த பிறகுதான் மச்சு ஏறிற்று என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு சரி என்று நினைத்து, அந்த இருட்டில் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தெருவின் ஒவ்வொரு கட்டடத்தையும் குறித்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். முன்பக்கம் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரும்பு ஷட்டரும் பிளக்ஸ் பலகையும் எல்லாவற்றையும் மூடிவிட்டன. பின் சந்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் பழைய ஓட்டுக் கூரைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் இன்னும் நிற்பது தெரிகிறது. தெருவை ஒட்டிய முகப்புக்கு விலை அதிகம் என்பதால் அகலம் குறைவாகவும் நீளம் மிகுதியாகவும் கட்டியிருக்கிறார்கள்: முன்னால் கடை, அதன் பின்னால் கிட்டங்கி, வெளிச்சத்துக்கும் மழைநீருக்குமாக ஒரு சிறு முற்றம், கடைசியில் வண்டி வந்து நிற்கச் சந்து வாசல். மச்சுத் தளத்தில் ஒரு பலகையைத் தூக்கினால் மேலிருந்து மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கலாம். அந்த ஓட்டை வழியாக நீ கொத்தமல்லிச் சாக்கின்மேல் குதித்து, உன் அப்பாவிடம் அடி வாங்கியதும் அங்கேதான். வெட்டுகல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வெயிலும் மழையும் சரக்கில் படாதபடி முன்னால் நீண்ட இறவாணம். கட்டிய ஆசாரிக்கு இந்த ஊர் மழையும் தெரிந்திருக்கிறது, பலசரக்கு வியாபாரமும் தெரிந்திருக்கிறது.

இந்தத் தெருவையே உண்டாக்கியவர் பலசரக்கு தெரிந்தவர்தானே. 1745-இல் விளவங்கோட்டுப் பக்கம் குன்னத்தூரில் பிறந்த கேசவன், சிறு வயதில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கு எழுதிப் பிழைத்துத்தான், பின்னாளில் தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாளின் திவானாகி, ராஜா கேசவதாஸ் என்று பெயர் பெற்றார். 1795-இல் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாறியது. கோயிலும் அரண்மனையும் பெருகிவரும் குடிகளும் உண்பதற்குச் சரக்கு வேண்டும். கிழக்குக் கோட்டை வாசலிலிருந்து கிள்ளியாற்றை நோக்கி அவர் அமைத்த கடைவீதிதான் சாலை. அங்கிருந்து கரமனை, நெய்யாற்றின்கரை வழியாக நாகர்கோவிலுக்குப் பாதை நீளும். அந்த வழியாகத்தான் தமிழ்ப் பக்கத்துச் சரக்கும் நம் முன்னோரும் வந்தார்கள். கணக்குப்பிள்ளையாக இருந்த ஒருவர் போட்ட தெருவில் உன் அப்பா நாற்பது ஆண்டு கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்பதை அவர் உயிரோடு இருந்தபோது யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

ஒன்று என் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் தலைமைச் செயலகம் நிற்கிறது. 1865-இல் ஆயில்யம் திருநாள் அடிக்கல் நாட்டியது, வில்லியம் பார்ட்டன் என்ற பொறியாளர் கட்டியது, 1869-இல் திறந்தது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அன்றைய திவான் மாதவராவின் சிலை எதிரில் நிற்பதால் அந்த இடத்துக்கே ‘ஸ்டாச்சு’ என்று பெயர். அதைப் பேணுவது நியாயம்தான். சாலைக் கட்டடங்களைக் கட்டிய ஆசாரியின் பெயரோ கொத்தனாரின் பெயரோ ஒரு கல்லிலும் இல்லை. பெயர் இல்லாத கட்டடத்துக்கு வரலாறும் இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சந்துகளின் பெயர்களாவது இன்னும் பிழைத்திருக்கின்றன: கருப்பட்டிக்கடை, கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு, எருமைக்குழி. வலியசாலைச் சிவன் கோயிலைக் காந்தளூர் என்று சொல்கிறார்கள் அல்லவா? நம் தமிழ்ப் பள்ளியில் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்று இராசராசனின் மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்தபோது, அந்தச் சாலை நம் சாலையேதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். இதுதான் அந்த இடமா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. எனக்கு இப்போது அந்தத் தீர்ப்பு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்ப் பக்கம் போய், நாம் கேரளப் பக்கம் நின்றுவிட்ட பிறகு, நம்மவர் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்தத் தெருதான் சாட்சி. அதை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே உன்னிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறேன். உன் அப்பா கொண்டுபோன பழைய பேரேடுகளை மதினி கறையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தால், கொஞ்சம் எடுத்துப் பார். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற திருவிதாங்கூர்க் கணக்கில் அவர் எழுதிய பக்கங்களில், எந்தக் கடையில் யார் இருந்தார், எந்த மிளகு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் இருக்கும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. அவர் கையெழுத்து எனக்குப் புரியும்.

இரண்டாவது, கடை வாசலை அடைக்க வரிசையாகப் பொருத்தும் நிரைப்பலகைகள். ஷட்டர் போட்டபோது கழற்றியவற்றை ஐயா மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார். நேற்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். உன் அப்பா கறுப்பு மையால் எழுதிய தமிழ் எண்கள் அழியாமல் இருக்கின்றன: ௧, ௨, ௩ என்று ௧௧ வரைக்கும். ஒன்பதாம் பலகை மட்டும் இல்லை. உங்கள் கரமனை வீட்டுத் திண்ணையில் பெஞ்சாகப் போட்டிருந்தது அதுதான் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறாள். அது கோயம்புத்தூருக்கு உன்னோடு வந்ததா? இருந்தால் புரட்டிப் பார்த்து, அடியில் ௯ இருக்கிறதா என்று உடனே எழுது. தைக்கு முன் ஒருநாளாவது பதினொன்றையும் பழைய காடிப் பள்ளத்தில் வரிசையாக ஏற்றிக் கடையை ஒருமுறை அடைத்துப் படம் எடுக்க வேண்டும்.

உன்,
கிட்டு