ஆர்வம் இல்லாதவர்கள் நாங்களா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அவசர சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு என்று விளக்கியது நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு வரி: ‘தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சிகளில் போதிய ஆர்வம் காட்டுவதில்லை.’ எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார்? எங்கள் வார்டுப் பக்கம் யாரும் வந்து கேட்கவில்லை.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஏசிஎல்எஸ் என்ற உயர்நிலை இதய உயிர்காப்புப் பயிற்சியை முடித்து, காலாவதி ஆகும்போதெல்லாம் புதுப்பித்தும் வருகிறேன். அதற்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் பெயரில் தரும் சான்றிதழ் கார்டுக்கு ஆயுள் 2 ஆண்டுதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு முறையும் என் கைப்பணம்தான். பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி ஒரு நாள், அடுத்து ஏசிஎல்எஸ் இரண்டு நாள். ஆஃப் சேர்த்து வைத்து, கூட வேலை பார்ப்பவர்களிடம் டூட்டி மாற்றிக்கொண்டு, நைட் முடித்த கையோடு பஸ் ஏறி வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். இதற்குப் பெயர் ஆர்வமில்லாமையா?

நிர்வாகத்துக்கு எப்போது ஆர்வம் வரும் தெரியுமா? மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் ஆய்வு நெருங்கும்போது. நோயாளியைத் தொட்டுக் கவனிக்கும் ஊழியர்கள் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிர்காப்பது) பயிற்சி பெற்றிருக்கிறார்களா என்று ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பார்கள். உடனே எல்லோரும் கார்டு நகல் கொண்டு வாருங்கள் என்று எச்ஆரிலிருந்து சுற்றறிக்கை வரும். பணம் யார் கட்டுவது என்ற பேச்சே இருக்காது. நிர்வாகம் கட்டினால், அதைக் காட்டியே வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்ட பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை என்ன ஆயிற்று என்று எங்கள் ஜூனியர்களின் சம்பள ரசீதைப் பார்த்தால் தெரியும். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் அவர்களுக்கு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். இதைப் பற்றித் தங்கள் நாளிதழில் விரிவாக ஒரு கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை. மே 12, செவிலியர் தினம் வந்தால் விளக்கேந்திய படத்துடன் வாழ்த்து மட்டும் தவறாமல் வருகிறது.

சரி, பணத்தைப் புரட்டியாயிற்று. எங்கே சேர்வது? வாட்ஸ்அப்பில் போஸ்டர் வரும். இதயப் படம், ஒரு போன் நம்பர், பணம் அனுப்ப க்யூஆர் கோடு. எந்த அங்கீகாரம் பெற்ற மையத்தின் பெயரில் கார்டு தருவீர்கள் என்று கேட்டால், ‘முதலில் ஸ்லாட் போடுங்க மேடம், அப்புறம் பேசலாம்’ என்பார்கள். நான் பணம் கட்டிய ஒரு மையம், ஆள் சேரவில்லை என்று முந்தின நாள் மாலை வகுப்பைத் தள்ளி வைத்தது. எடுத்த லீவு போனது போனதுதான். முன்தேர்வில் 70 சதவீதம் எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வர வேண்டும் என்பது விதி. அந்த மையத்தில் மேனுவலையே வகுப்பு நாள் காலையில்தான் கையில் கொடுத்தார்கள். மேனிகின் என்ற பயிற்சிப் பொம்மை ஒன்றைச் சுற்றி ஒரு கூட்டம். டாக்டர்கள் சிகிச்சைக் குழுவை நடத்தும் டீம் லீடராக நின்று பழக, நாங்கள் மருந்து ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசித் தேர்வில் மட்டும் டீம் லீடராக எல்லோரும் நிற்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறவும் எல்லோருக்கும் 84 சதவீதம் வேண்டும்!

கத்தார் போகக் காத்திருந்த எங்கள் ஜூனியர் சிஸ்டர் ஒருத்தி ‘வீட்டிலிருந்தே ஏசிஎல்எஸ்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினாள். தங்க நிற பார்டர் போட்ட சான்றிதழ் அன்றைக்கே மெயிலில் வந்தது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாடத்தை இணையத்தில் படிக்கலாம், அதற்கு முறையான வழி உண்டு. ஆனால் மேனிகின் மேல் அழுத்திக் காட்டாமல் அந்தக் கார்டு கிடையாது. அவள் நம்பிய அதே மாதிரி விளம்பரம் தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியிலும் வருகிறது ஐயா. பார்த்துத்தான் போடுகிறீர்களா?

இந்தப் பயிற்சி எதற்கு என்பதையும் கட்டுரையாளருக்குச் சொல்ல வேண்டும். ஓர் இரவு ஐசியூவில் மானிட்டரில் நேர்க்கோடு. வாசலில் நின்ற மகன், ‘ஷாக் கொடுங்க, ஏன் சும்மா இருக்கீங்க’ என்று கத்துகிறார். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள். நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது. மானிட்டர் வயர் (லீட்) கழன்றிருக்கிறதா, நாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. டூட்டி டாக்டர் வேறு மாடியிலிருந்து ஓடி வருவதற்குள் நான் அழுத்திக்கொண்டிருந்தேன், இன்னொரு சிஸ்டர் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிடித்திருந்தாள். நாடி திரும்பியது. முதலில் நோயாளியின் பக்கத்தில் இருப்பது நாங்கள்தான். ஆனால் மையங்களில் டாக்டர்களுக்கு இடம் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு.

நான் கேட்பது பெரிதில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதோடு ஒரு சிறு பெட்டிச் செய்தி: பணம் கட்டும் முன் எந்த அங்கீகார மையத்தின் பெயரில் கார்டு வரும், ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர், மேனுவல் எப்போது கைக்கு வரும், வகுப்பு தள்ளிப்போனால் பணம் திரும்புமா என்று கேளுங்கள் என்று. 2025 அக்டோபரில் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் உயிர்காப்பு வழிமுறைகள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன, ஆகவே எந்தப் பதிப்பை வைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஈ-கார்டு உண்மையானதா என்று அசோசியேஷனின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் போகிறவர்களுக்கு அங்கத்திய ஏஎல்எஸ் என்ற உயர்நிலை உயிர்காப்பு தனிப் பயிற்சி, அதன் சான்றிதழ் 4 ஆண்டு செல்லும் என்று ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது. இடம் போதாது என்றால் அந்த வரி விளம்பரங்களை நிறுத்தி அந்த இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஐசியூ செவிலியர் ஒருவர்,
மதுரை.