ஐந்தாம் மாதத் தீவனத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 250 நாட்டுக்கோழிகள் கொண்ட பண்ணை வைக்க உங்கள் துறை பாதி மானியம் தருகிறது. கொட்டகை, தளவாடங்கள், நான்கு மாதத் தீவனம் எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. நல்ல திட்டம்தான். ஆனால் நாட்டுக்கோழி முட்டையிடத் தொடங்குவதே ஐந்து, ஆறு மாதத்தில். அதற்குள் தீவன மூட்டை எங்கள் தலையில் ஏறிவிடுகிறது. செலவில் நூற்றுக்கு 60, 70 ரூபாய் தீவனத்துக்கே போவது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்போதுதான் கைபேசியில் வழி தேடுகிறோம். முளைகட்டிய தானியம் போட்டால் செலவு பாதியாகும் என்றார்கள், நம்பினேன். ஒரு கிலோ கம்பை ஊறவைத்து ஈரச்சாக்கில் கட்டினேன். மூன்றாம் நாள் இரண்டு கிலோவுக்கு மேல் நின்றது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. பிறகு ஏதோ சந்தேகத்தில் அந்த முளையை மொறமொறவென்று காயவைத்துத் தராசில் வைத்தேன். ஒரு கிலோகூட இல்லை! ஏறியது அத்தனையும் தண்ணீர். முளைவிட்ட தானியம் தன் மாவுச்சத்தில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிட்டிருந்தது.

முளை வீண் என்று சொல்லவில்லை. தானியத்தின் தாதுச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டிக் அமிலம் குறைந்து, அந்தச் சத்து உடலில் சேர்கிறது. கீரை காய்ந்துபோகும் கோடையில் கோழிகள் அதற்கு ஓடி வருகின்றன. ஆனால் தானியத்தில் புரதம் குறைவு. மக்காச்சோளத்தில் 9 சதவீதம் அளவுதான், முட்டைக்கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். முளை கட்டினால் அந்தப் பள்ளம் நிரம்பாது. ஒரு மாதம் முளையை மட்டும் நம்பி, புரதத்துக்குப் போடும் புண்ணாக்கையும் சுண்ணாம்புச் சத்துக்குப் போடும் கிளிஞ்சலையும் நிறுத்தினேன். முட்டை குறைந்தது, கிடைத்த முட்டையின் ஓடும் விரல் பட்டாலே அமுங்கியது.

எனக்குக் காசு மிச்சமானது புளிக்கவைத்த தீவனத்தில்தான். மூடிபோட்ட வாளியில் அரைத்த தீவனம், அது மூழ்கத் தண்ணீர், பழைய வாளியிலிருந்து ஒரு கரண்டி உறை. இரண்டாம் நாள் இட்லி மாவு வாசம் வரும். உலர்ந்த மாவைக் கோழி கிளறிச் சிந்தும். தட்டைச் சுற்றி விழுந்ததைத் தினமும் கூட்டி அள்ளுவேன். கூழாக்கிய பிறகு துடைப்பத்துக்கு வேலையே இல்லை.

அதிலும் ஓர் அடி பட்டேன். ஐப்பசி மழையில் ஒரு வாளியின் மேல் பச்சைப் பூசணம் படர்ந்தது. மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைப் போட்டேன். நான்கு கோழிகள் போயின. பூசண நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் அடிவரை இறங்கியிருக்கும் என்று பிறகுதான் கால்நடை மருத்துவர் சொன்னார்.

நான் போன ஒருநாள் பயிற்சியில் தீவனத்துக்கு ஒதுக்கியது கால் மணி நேரம். "மூட்டை வாங்கிப் போடுங்கள்" என்பதோடு முடிந்தது.

என் கோரிக்கை இதுதான். உங்கள் பண்ணைகளில் ஒரே வயதுக் கோழிகளை மூன்று கூண்டாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு உலர்தீவனம், ஒன்றுக்கு முளை சேர்த்தது, ஒன்றுக்குப் புளித்தது. ஈரத்தோடு அளக்காமல் உலர் எடையில் கணக்கெழுதுங்கள். மூட்டைத் தீவனத்தில் எத்தனை பங்கைக் குறைக்கலாம், எத்தனை நாள் புளிக்கலாம், எப்போது வாளியோடு கொட்டிவிட வேண்டும் என்று ஒரே தாளில் தமிழில் அச்சடித்து, மானியக் குஞ்சுகளோடு கொடுங்கள்.

இரண்டு வருடக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. கேட்டால் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருத்தி