அலபாமா ஹில்ஸுக்குப் பிரியாணி அண்டாவோடு கிளம்புகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்களைத் திரட்டி கேம்பிங் அழைத்துப் போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறை நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் சுற்ற ஆரம்பித்துவிடும். இட்லி மாவு யார், சட்னி யார், பெரிய டென்ட் யாரிடம் இருக்கிறது, யார் காரில் இடம் காலி என்று கட்டம் கட்டமாகப் பெயர்கள் விழும். இப்போதெல்லாம் அதில் ‘இடம்’ என்ற கட்டத்தில் அலபாமா ஹில்ஸ் என்று அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கும்: ஃப்ரீ, ரிசர்வேஷன் தேவையில்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்.

முதல் இரண்டும் சரி. மூன்றாவதுக்காகத்தான் இந்த மடல்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 395 நெடுஞ்சாலையில் லோன் பைன் என்ற சின்ன ஊர். அங்கே மேற்கே திரும்பி விட்னி போர்ட்டல் ரோட்டில் சில மைல் போனால் வலது பக்கம் மூவி ரோடு என்ற மண்சாலை பிரியும். உள்ளே நுழைந்ததும் யானை யானையாக உருண்டு திரண்ட பழுப்பு நிறப் பாறைகள். அவற்றுக்குப் பின்னால் சியரா நெவாடா மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதில் 14,505 அடி உயரத்தில் இருப்பதுதான் மவுண்ட் விட்னி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான சிகரம். (பலரும் முன்னால் பெரிதாகத் தெரியும் லோன் பைன் பீக்கை விட்னி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விட்னி பின்னால் தள்ளி, ஊசி ஊசியான முனைகளுக்குப் பக்கத்தில் அடக்கமாக இருக்கும்.) கீழே உருண்டிருப்பதும் மேலே கூராக நிற்பதும் ஒரே கருங்கல் வகைதான். கீழே உள்ளவை மண்ணுக்கடியில் ஈரத்தில் ஊறி மூலை மழுங்கியவை. மேலே உள்ளவற்றைப் பனி உறைந்து உறைந்து பிளந்திருக்கிறது. ஹாலிவுட்காரர்கள் 1920-களிலிருந்து இங்கே நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்திருக்கிறார்கள். நம் ஊரின் வடமேற்கு எல்லைப்புறம் என்று இதையே காட்டி ஏமாற்றியதும் உண்டு.

அந்த மலை உச்சிக் கோட்டில்தான் செக்கோயா தேசியப் பூங்காவின் எல்லை ஓடுகிறது. கிழக்கே போனால் டெத் வேலி. பூங்காக்களுக்குள் பெரும்பாலும் காரை நிறுத்திய இடத்தில் டென்ட் போட முடியாது. அதற்கென்று உள்ள கேம்ப்கிரவுண்டுகளில்தான் தங்க வேண்டும். நல்ல சீசனில் அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்கூட்டியே கணினி முன்னால் உட்கார வேண்டும். அலபாமா ஹில்ஸ் மாதிரி பூங்காவுக்கு வெளியே இருக்கும் பொது நிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிஎல்எம் என்று நாம் சொல்லும் மத்திய நில நிர்வாகத் துறையிடம் மட்டும் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது, தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல். வனத்துறையிடம் இன்னொரு 19.3 கோடி. இவற்றில் பெரும்பாலான இடங்களில் ஒரே இடத்தில் 14 நாள் வரை காசு கொடுக்காமல் தங்கலாம். இதைத்தான் டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள்.

காசு இல்லை என்பதோடு வேறு பலதும் இல்லை. குடிநீர்க் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, மேசை இல்லை, ராத்திரி சுற்றி வந்து பார்க்க ஆள் இல்லை. ஒரு குடும்பம் இதைச் சமாளித்துவிடும். இரண்டு குடும்பமும் சமாளிக்கும். பதினைந்து குடும்பம் குழந்தைகளோடு வந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் பச்சையாகவே பேசலாம்.

முதலில் கழிப்பறை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் மிளகாய்ப் பொடிக்குக்கூடக் கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை. காட்டு மண்ணில் ஆறேழு அங்குலம் தோண்டி, தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப் புதைப்பது வழக்கமான முறை. அலபாமா ஹில்ஸ் காடு இல்லை. வறண்ட கருங்கல் பொடி. அதில் போட்டது சீக்கிரம் மக்காது. காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனதும் டிஷ்யூ காகிதம் வெளியே தலை நீட்டும். பாறை இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் வாக் பேக் என்ற பை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் பொடி ஈரத்தை இழுத்துக் கட்டியாக்கிவிடும், மேலே இன்னொரு பையில் போட்டு இறுக்கி மூடி, ஊர் திரும்பும் வழியில் குப்பையில் போடலாம். விட்னி மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கட்டாயம் இதைச் சுமந்துதான் இறங்குகிறார்கள். அறுபது பேர், இரண்டு ராத்திரி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பைகளை யார் காரில் ஏற்றுவது என்பதையும் அதே வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். பேச்சு எவ்வளவு சீக்கிரம் வேறு இடத்துக்குத் திரும்புகிறது என்று பார்க்கலாம்!

அடுத்தது அலுமினியம் ட்ரே. நம் ஆட்கள் போன இடம் என்பதை நெருப்பு மூட்டும் கல் வளையத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்பது எனக்கு வருத்தம்தான். போன வசந்தத்தில் ஒரு வளையத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். சாம்பலுக்கடியில் பாதி உருகிச் சுருண்ட ட்ரே, அதன் மடிப்பில் கருகிய பட்டை, ஏலக்காய், கோழி எலும்பு. அலுமினியம் விறகு நெருப்பில் எரிந்து காணாமல் போகாது. துண்டு துண்டாக நொறுங்கி மண்ணோடு கலக்கும், அடுத்து வருபவர் கையால் பொறுக்க வேண்டியிருக்கும். பேப்பர் தட்டும் அப்படித்தான்: பாதி எரிந்தது காற்றில் எழுந்து பறக்கும்.

காற்று என்றதும் இன்னொன்று. சாயங்காலமானால் மலையிலிருந்து இறங்கும் காற்று சில நாட்களில் டென்ட்டையே பிடுங்கும். அந்தக் காற்றில் பத்து லிட்டர் அண்டாவைப் புரொப்பேன் அடுப்பில் வைத்து தம் போடுவது நடக்கிற காரியமா? அடுப்புக்குக் கேடயமாக நான்கு கார்களைக் குறுக்கே நிறுத்துவார்கள், அந்தக் கார்களுக்காகச் செடிகள் நசுங்கும். இந்த வறண்ட மண்ணில் ஒரு புதர் திரும்ப முளைத்து நிற்க வருஷங்கள் ஆகும். ஒரு தடவை டயர் பதிந்த இடம் அடுத்த வாரமே பாதையாகிவிடும், முன்னால் போன தடத்தைப் பார்த்துத்தானே பின்னால் வருகிறவர் வண்டியை விடுகிறார்.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஒரே ஒரு சம்பவம் போதும். 2011 மே மாதக் கடைசியில் அரிசோனாவில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் காட்டில் கேம்ப் போட்டார்கள். கிளம்பி நடக்கப் போகுமுன் நெருப்பு அணைந்ததா என்று பார்க்க ஒரு மிட்டாய்க் காகிதத்தை அதில் போட்டார்கள். அது உருகவில்லை. அணைந்துவிட்டது என்று போய்விட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய வாலோ தீ 5,38,000 ஏக்கரை எரித்தது, அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் அது அணைந்த நெருப்பு. அறுபது பேர் இருக்கும் இடத்தில் இதை யார் பார்ப்பார்கள்? எல்லோரும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். கல்யாண வீட்டில் கேஸை யார் மூடினார்கள் என்று கேட்பது மாதிரி.

உங்களில் சிலர் இந்நேரம், “வெள்ளைக்காரன் குப்பை போடவில்லையா? நம்மை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?” என்று டைப் பண்ண ஆரம்பித்திருப்பீர்கள். போடுகிறான். பாறையில் பெயர் எழுதுகிறான், ஜெனரேட்டரை ராத்திரி முழுக்க ஓட விடுகிறான், நான்கு சக்கர வண்டியைக் கண்ட இடத்தில் ஏற்றுகிறான். அவர்களுக்குத் தமிழில் மடல் எழுதிப் பிரயோஜனம் இல்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். தவிர, நம் பிரச்சினை கெட்ட எண்ணம் இல்லை, எண்ணிக்கை. ஆளுக்கு ஆள் பார்த்தால் நாம் சுத்தமானவர்கள்தான். கூட்டமாக வந்ததும் எந்த இடத்தையும் கோயில் திருவிழாத் திடலாக்கிவிடுகிறோம்.

இலவச இடங்கள் எப்படிப் பறிபோகின்றன என்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அலபாமா ஹில்ஸிலேயே முன்பு நினைத்த பாறைக்குப் பின்னால் டென்ட் போடலாம். கூட்டம் தாங்காமல் போனது. 2019-ல் 18,610 ஏக்கரைத் தேசிய இயற்கைக்காட்சிப் பகுதியாக நாடாளுமன்றம் அறிவித்தது. 2021-ல் நிர்வாகத் திட்டம் வந்தது. இப்போது குறியிட்ட இடங்களில் மட்டும்தான் தங்கலாம், பல பகுதிகள் பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப மட்டும், இலவசம்தான் என்றாலும் பர்மிட் எடுக்க வேண்டும். யூட்டாவில் ஆர்ச்சஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் வில்லோ ஸ்பிரிங்ஸ் பக்கம் காசில்லாமல் டென்ட் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த வட்டாரத்தில் 2021-ல் மாநிலப் பூங்கா அமைக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். வயோமிங்கில் கிராண்ட் டீட்டன் பூங்காவுக்கு எதிரே ஷேடோ மவுண்டனில் கோடையில் தங்கும் வரம்பை 5 நாளாகக் குறைத்துவிட்டார்கள். கரடி வரும் இடம் என்பதால் சாப்பாட்டை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கும் அங்கே கண்டிப்பான உத்தரவு உண்டு. ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் மேல் கோபம் வருகிறது. ஆனால் மூடாமல் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யோசித்தால் எனக்குப் பதில் கிடைப்பதில்லை.

2025 ஜூனில் மேற்கு மாநிலங்களில் பல லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்கலாம் என்று செனட்டில் ஒரு யோசனை வந்ததே, அதுவும் நினைவிருக்கட்டும். வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்பவர்கள், மலையேறிகள் என்று ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத கூட்டமெல்லாம் சேர்ந்து கத்தியதில் அந்த மாதக் கடைசியிலேயே அதை வாபஸ் வாங்கினார்கள். மறுபடி வராது என்று யார் சொல்ல முடியும்? குப்பை மேடாகிப்போன ஒரு கேம்ப் இடத்தின் படம் அப்படிப்பட்டவர்கள் கையில் என்ன வேலை செய்யும் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது இன்னொன்று. மூவி ரோட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மெதுவாக ஊர்ந்து வரும் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? படிக்க வந்த பிள்ளைகள் நான்கு பேர் பழைய கொரோலாவில் வருவார்கள். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் கைக்குழந்தையோடு வருவார். ஆறு மாதம் முன்னால் திட்டம் போட முடியாத, ஓட்டல் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு இந்த மலைகளுக்கு அடியில் ஒரு ராத்திரி தூங்க இந்த ஒரு வழிதான் இருக்கிறது. நாம் பதினைந்து குடும்பமாக வந்து ஐந்து இடங்களை மதியமே பிடித்து, நடுவில் கேனோபி போட்டு, ஸ்பீக்கரில் இளையராஜாவை வைத்தால் (இளையராஜாதான் என்றாலும்) அவர்கள் ஹெட்லைட்டைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நமக்குப் போக வேறு இடம் இருந்தது. அவர்களுக்கு இல்லை.

ஆமாம், நமக்கு இடம் இருக்கிறது. குரூப் சைட் என்று தனியாக வைத்திருப்பதே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். உருண்டைப் பாறைதான் வேண்டும் என்றால் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் இந்தியன் கோவ், ஷீப் பாஸ் இரண்டிலும் குரூப் சைட்டுகள் இருக்கின்றன. கழிப்பறை உண்டு, மேசை உண்டு, தண்ணீர் மட்டும் கொண்டுபோக வேண்டும். கோடையில் அங்கே வெந்துவிடுவோம், அதனால் நவம்பர் அல்லது மார்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களின் குரூப் சைட்டுகளைப் பாருங்கள். மூன்று நான்கு குடும்பம் மட்டும் என்றால் அலபாமா ஹில்ஸுக்கு மேலே விட்னி போர்ட்டலிலேயே வனத்துறையின் சின்ன குரூப் சைட்டுகள் உண்டு. கட்டணத்தை ஆட்கள் எண்ணிக்கையால் வகுத்தால் சன்னிவேலில் ஒரு மசால் தோசைக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். காசு மிச்சம் என்பதற்காக இலவச இடத்துக்குப் போகிறோம் என்று பதினைந்து டெஸ்லாக்களை நிறுத்திவிட்டுச் சொல்லாதீர்கள், கேட்கவே நன்றாக இல்லை.

இன்னொரு விஷயம், பொது நிலத்தில் பெரிய குழுவாகக் கூடுவதற்கு விதிகள் இருக்கின்றன. தேசிய வனங்களில் 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் பர்மிட் வாங்க வேண்டும். பிஎல்எம் நிலத்திலும் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களுக்குத் தனி அனுமதி தேவைப்படலாம். ‘எத்தனை பேர் வேண்டுமானாலும்’ என்பது யாரும் தராத உறுதிமொழி. தயவுசெய்து அந்த வரியை அழித்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு குடும்பமாகப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். முடிந்தால் வாரநாளில், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். குறியிட்ட இடம் காலி இல்லையென்றால் புதிதாக ஒன்றை உண்டாக்காமல் கட்டணம் வாங்கும் டட்டில் க்ரீக் கேம்ப்கிரவுண்டுக்குப் போய்விடுங்கள், ரொம்பப் பக்கம். பிஎல்எம் பர்மிட்டோடு கலிபோர்னியா கேம்ப்ஃபயர் பர்மிட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட அது வேண்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். லோன் பைனுக்குக் கொஞ்சம் தெற்கே 395-ம் 136-ம் சேரும் இடத்தில் ஈஸ்டர்ன் சியரா விசிட்டர் சென்டர் இருக்கிறது. அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, நெருப்புக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள். காய்ந்த மாதங்களில் பெரும்பாலும் இருக்கும்.

அன்புடன்,
395-ல் அடிக்கடி போய்வரும் ஒரு லாஸ் ஏஞ்சலஸ்வாசி