‘இது எனக்குச் சரிவரவில்லை’ என்று சிகிச்சையாளரிடமே சொல்லலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனப்பதற்றத்தைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அறிகுறிகளை இரண்டு பக்கங்களுக்குத் தெளிவாக விளக்கிய அக்கட்டுரை, ‘தகுந்த உளவியல் சிகிச்சையாளரை அணுகவும்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டது. தகுந்தவர் யார் என்று எப்படிக் கண்டுகொள்வது என அறியாமல் ஏறத்தாழ ஓராண்டை இழந்தவள் என்பதால், அந்த வரிக்கு அப்பால் உள்ளதை எழுதத் துணிகிறேன்.

பெயர்களிலேயே குழப்பம் தொடங்குகிறது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் பெரும்பாலான நாடுகளில் மருந்து தருவதில்லை. பேச்சாலும் பயிற்சிகளாலும் சிகிச்சை அளிக்கிறார். ‘ஆலோசகர்’ என்ற சொல்லுக்கோ பல இடங்களில் சட்டப் பாதுகாப்பு கிடையாது. குறுகிய காலப் பயிற்சி பெற்றவரும் அப்பெயரில் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே, என்ன படித்தீர்கள், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள், என்னைப் போன்ற சிக்கலோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

நான் அப்படி எதையும் கேட்கவில்லை. திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் பீதித் தாக்குதலுக்காகச் சென்ற என்னிடம், முதல் சிகிச்சையாளர் 8 மாதங்கள், வாரம் 50 நிமிடங்கள், என் குழந்தைப் பருவத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தகுதியில்லாதவர் அல்லர், கனிவாகவே கேட்டார். ஆனால் எதை நோக்கிப் போகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குணமாகாதது என் குறை என்றே நினைத்திருந்தேன். ஒரு வாரம் போகாமல் நின்றவள், அதன் பிறகு தொலைபேசியில்கூடத் தகவல் சொல்லவில்லை.

இரண்டாவதாகப் போனவர் முதல் நாளே, “இந்தச் சிகிச்சை பலித்தால், இப்போது முடியாத எதையெல்லாம் 3 மாதம் கழித்து நீங்கள் செய்துகொண்டிருப்பீர்கள்?” என்று கேட்டார். மின்தூக்கியில் தனியாகப் போவேன் என்றேன். சில வாரங்களில், படிகளில் வேகமாக ஏறி, வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, அது தானாகவே தணிவதை உடலுக்குக் கற்றுத்தரும் பயிற்சியில் இருந்தேன். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (CBT) பீதித் தாக்குதலுக்கென்றே இத்தகைய பயிற்சிகள் உள்ளன என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவில் மூன்று கூறுகள் இருப்பதாக அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் எழுதினார்: இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. இவ்வுறவு எப்படி அமைகிறது என்பதற்கும் சிகிச்சையின் பலனுக்கும் தொடர்பு இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. என் முதல் சிகிச்சையாளரிடம் மூன்றாவதான பிணைப்பு மட்டுமே இருந்தது. அதற்காக முறை எதுவானாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD), அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, கை கழுவுவது போன்ற சடங்குகளைத் தவிர்க்கும் பயிற்சி தெரிந்தவரைத் தேடிப் போவதே நல்லது.

எத்தனை நாள் பொறுப்பது என்பதுதான் பலருடைய கேள்வி. 1986-இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, 8 அமர்வுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் அளவிடத்தக்க முன்னேற்றம் தெரிந்ததாகக் கணக்கிட்டது. இது சராசரிதான்; நெடுங்காலக் காயங்களுக்கு இன்னும் காலம் ஆகலாம். மூடி வைத்ததைத் திறப்பதால் தொடக்க வாரங்களில் மனம் கூடுதலாகக் கனப்பதும் உண்டு. அதை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது. ஆனால் 2, 3 மாதங்கள் ஆகியும் எந்த அசைவும் இல்லையென்றால், நான் செய்ததுபோல் ஓசையின்றி நின்றுவிடாமல், அதை அவரிடமே சொல்லிவிட வேண்டும். நல்ல சிகிச்சையாளர் முகம் சுளிக்க மாட்டார். முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்பி வைப்பார்.

விவாகரத்து செய்யலாமா, வேலையை விடலாமா என்பதற்கெல்லாம் அவர் தீர்ப்பு வழங்குவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாமே முடிவெடுக்கத் துணை நிற்பதே அவர் பணி. பேசுவதை ரகசியமாகக் காப்பார். உயிருக்கு ஆபத்து, குழந்தை மீதான வன்முறை, நீதிமன்ற ஆணை போன்றவை பொதுவாக விதிவிலக்குகள். அவற்றைத் தொடக்கத்திலேயே அவர் விளக்கியிருக்க வேண்டும். தன் சொந்தக் கதையைப் பேசியே நேரத்தைக் கழிப்பவரிடம் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். பாலியல் நெருக்கத்துக்கு முயல்பவரிடம் சொல்லிப் பார்க்க எதுவுமில்லை; உடனே வெளியேறிப் புகார் அளிக்க வேண்டும்.

இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடுகையில், முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய நான்கைந்து கேள்விகளையும் உடன் சேர்க்குமாறு வேண்டுகிறேன். கேட்டுப் பழகிவிட்டால் கடினமில்லை. நான்காவது அமர்வின் முடிவில், “இங்கே உங்களுக்கு ஒவ்வாதது ஏதாவது இருக்கிறதா?” என்று இரண்டாமவர் கேட்டபோது, வெகுநேரம் தயங்கி, நான் பேசும்போது அவர் பார்வை பக்கவாட்டில் இருக்கும் கடிகாரத்துக்குப் போவது உறுத்துகிறது என்றேன். மறுவாரம் அந்தக் கடிகாரம் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவருக்கு இடம் மாறியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி