திரைப்படச் சங்க நண்பர்களுக்கு: அந்தப் பாட்டுப் படத்துக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போர்ப் படங்களின் வரிசை ஒன்று போடப் போகிறோம், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். 1945-இல் வெளிவந்த ‘டுநைட் அண்ட் எவ்ரி நைட்’ படத்தைச் சொன்னேன். “அது பாட்டு டான்ஸ் படமாச்சே” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டீர்கள். அன்று கூட்டத்தில் பேச நேரம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

படத்தில் வரும் அரங்கத்தின் பெயர் மியூசிக் பாக்ஸ். அது கற்பனைப் பெயர். அதற்குப் பின்னால் இருப்பது லண்டன் சோஹோ பகுதியின் விண்ட்மில் தியேட்டர். சுமார் 300 பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம். லாரா ஹெண்டர்சன் என்ற வயதான அம்மாள் அதன் உரிமையாளர், விவியன் வான் டாம் நிர்வாகி. 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் அரசாங்கம் நாட்டிலுள்ள எல்லா அரங்குகளையும் மூடச் சொன்னது. இரண்டு வாரத்துக்குள் அந்தத் தடை தளர்ந்தது. அதற்கப்புறம் விண்ட்மில் மூடவே இல்லை. 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகள் தொடர்ந்து லண்டன் மீது குண்டு விழுந்தது. அந்த நாட்களிலும் தினம் பல காட்சிகள் நடந்தன. ஆட்டக்காரப் பெண்கள் வீட்டுக்குப் போக முடியாத இரவுகளில் அரங்கின் கீழ்த்தளத்திலேயே படுத்துக்கொண்டார்கள். ‘நாங்கள் ஒருநாளும் மூடவில்லை’ என்பதுதான் அந்த அரங்கின் பெருமைப் பேச்சு.

லெஸ்லி ஸ்டார்ம் இதை நாடகமாக எழுதினார். ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் அதை வண்ணப் படமாக எடுத்தது. இயக்கியவர் விக்டர் சாவில். அதற்கு முன்பே இங்கிலாந்தில் பல இசைப் படங்கள் செய்து கைதேர்ந்தவர். ரீட்டா ஹேவொர்த் நாயகி. படப்பிடிப்பு நடந்தபோது அவர் கர்ப்பமாக இருந்தார். ஆனால் ‘யூ எக்சைட் மீ’ பாட்டில் அவர் ஆடுவதைப் பாருங்கள், அது தெரியவே தெரியாது. ஜேக் கோல் அமைத்த அசைவுகள் அவை.

இனி, நான் இந்தப் படத்துக்காக வாதாடும் முதல் காரணம். டாமி என்ற இளைஞன் வேலை கேட்டு அரங்குக்கு வருகிறான். ரேடியோவைத் திருகுகிறார்கள். எந்த இசை வருகிறதோ அதற்கு அவன் ஆடிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நிலையமாக மாறுகிறது, உடம்பும் கூடவே மாறுகிறது. திடீரென ஹிட்லரின் பேச்சு வருகிறது. அவன் நிற்கவில்லை. அந்தக் கத்தலுக்கும், அந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஆடுகிறான். ஆடியவர் மார்க் பிளாட், முறையாக பாலே கற்றவர். ஊரையே நடுங்க வைத்த குரலை ஒரு ஆட்டக்காரன் வெறும் தாளமாக எடுத்துக்கொள்கிறான். போரைப் பற்றி இவ்வளவு துணிச்சலாகப் பேசிய காட்சி நீங்கள் போட்ட பட்டியலில் வேறு எதில் இருக்கிறது?

இரண்டாவது காரணம் முடிவு. பக்கத்து மதுக்கடையில் குண்டு விழுகிறது. அரங்கின் ஆட்டக்காரி ஜூடியும் டாமியும் இறந்துபோகிறார்கள். காதலனோடு ஊரை விட்டுக் கிளம்ப இருந்த நாயகி ரோசலிண்ட், ஜூடி ஆட வேண்டிய இடத்தில் தானே மேடை ஏறுகிறாள். அழுது தீர்க்க அவளுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை, திரை விலகிவிடுகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போதும் அப்படித்தான்.

இது சினிமாவுக்காக ஊதிப் பெருக்கிய சோகம் என்று யாராவது சொன்னால், 1941 மார்ச் 8-ஐ நினைவுபடுத்துங்கள். விண்ட்மில்லிலிருந்து சில நிமிட நடையில், கவென்ட்ரி தெருவில் கஃபே டி பாரிஸ் என்ற கேளிக்கை விடுதி. தரைக்கு அடியில் இருப்பதால் பத்திரமான இடம் என்று நம்பி மக்கள் கூடினார்கள். அன்று இரவு குண்டு உள்ளேயே வந்து வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மேடையில் இருந்த இசைக்குழுத் தலைவர் கென் ஜான்சனும் அவர்களில் ஒருவர். கயானாவிலிருந்து வந்தவர், வயது 26. அடுத்த மாதமே அல் பவுல்லி என்ற புகழ்பெற்ற பாடகர் லண்டனிலுள்ள தன் வீட்டில் குண்டுக்குப் பலியானார். பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் போரை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. காதல் கதை நடுவில் இழுக்கிறது. ரீட்டாவுக்குப் பாட்டுக் குரல் வேறொருவருடையது. எனக்கு நிஜமாகவே உறுத்துவது இன்னொன்று. விண்ட்மில் பெயர் பெற்றது மேடையில் ஆடையின்றிச் சிலைபோல் அசையாமல் நின்ற பெண்களால். அசைந்தால் தணிக்கை அதிகாரி அனுமதிக்க மாட்டார். குண்டுச் சத்தத்துக்கு நடுவே அசையாமல் நிற்பதே அவர்களுக்கு வேலையாக இருந்தது. அமெரிக்கத் தணிக்கைக்குப் பயந்து படம் இதைத் தொடவே இல்லை. அந்தப் பெண்களுக்கு இது அநியாயம். 2005-இல் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் எடுத்த ‘மிஸஸ் ஹெண்டர்சன் பிரசன்ட்ஸ்’ அந்தப் பக்கத்தைச் சொல்கிறது. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போடுங்கள். முதலில் பழையது, அப்புறம் புதியது.

போர்முனைப் படங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவை இருக்கட்டும், ஒரே ஒரு மாலைதான் கேட்கிறேன். சரி என்றால் தேதி சொல்லுங்கள். விண்ட்மில்லும் கஃபே டி பாரிஸும் எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்று காட்ட, அந்தத் தெருக்களை ஒரு தாளில் வரைந்து வருபவர்களுக்கெல்லாம் கொடுக்க நான் தயார்.

அன்புடன்,
பின்வரிசையில் உட்காரும் உங்கள் உறுப்பினர்