'4கே' என்றால் எந்த 4கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வெளியாகும் குறும்படப் போட்டி அறிவிப்புகள் பலவற்றில் 'படம் 4கே தரத்தில் இருக்க வேண்டும்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். டிவிக்கான 3840 × 2160 பிக்சலும் 4கே, திரையரங்குக்கான 4096 × 2160ம் 4கே. முதல் அளவில் எடிட் செய்த படத்தை இரண்டாவதில் வைத்தால் இருபுறமும் 128 பிக்சல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை விழும். பட்டை தெரியாமல் பெரிதாக்கினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு, ஓரத்தை ஒட்டிய சப்டைட்டில் போய்விடும்.

கல்யாண மண்டப எல்இடி திரையில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அரை மீட்டர் சதுரப் பேனல், 3.9 மி.மீ. பிட்ச் (பிக்சலுக்குப் பிக்சல் இடைவெளி) என்றால் ஒரு பேனலுக்கு 128 × 128 பிக்சல். அகலத்தில் 8, உயரத்தில் 4 பேனல் அடுக்கினால் மொத்தத் திரையே 1024 × 512தான். அதற்கு 4கே ஃபைல் கொடுப்பதால் படம் துல்லியமாகிவிடாது. கிளிப்களை வரிசையாக அடுக்கி எடிட் செய்யும் டைம்லைன் 2:1 விகிதத்தில் இருப்பதுதான் முக்கியம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஷிஃப்ட்டுடன் 9ஐ அழுத்தினால் புராஜெக்ட் செட்டிங்ஸ் திறக்கும். டைம்லைன் ரெசல்யூஷனில் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து அந்த எண்களைக் கொடுக்கலாம்.

ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை, முதல் கிளிப்பைக் கொண்டுவரும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். டைம்லைனில் வேலை தொடங்கியபின் அதை மாற்ற முடியாது. ரெசல்யூஷனைப் பிறகும் மாற்றலாம். கம்ப்யூட்டர் திணறினால் 1920 × 1080ல் எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு முன் 4கேக்கு உயர்த்தலாம். ரிசால்வ் மூல ஃபைலிலிருந்தே படத்தை மறுபடி எடுத்துக்கொள்ளும். விகிதம் மாறினால் மட்டும் ஒவ்வொரு ஷாட்டையும் டைட்டிலையும் பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கவனம் தேவை: 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' கொடுத்தால் 4கே கிளிப் சீக்வென்ஸ் (பிரீமியரின் டைம்லைன்) அளவுக்குச் சுருக்கப்பட்டுவிடும், பிறகு ஜூம் செய்தால் மங்கும். 'செட் டு ஃப்ரேம் சைஸ்' மூலப் பிக்சல்களைத் தொடாது.

இவ்வளவு கவனமாக வேலை செய்தாலும், அறிவிப்பில் அளவு இல்லாவிட்டால் எடிட்டர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். போட்டி நடத்துபவர்கள் அகலம், உயரம், ஃப்ரேம் ரேட் 24ஆ 25ஆ, பட்டை இருக்கலாமா என்பதை அச்சிட வேண்டும். மண்டபத்தார் முன்பதிவு ரசீதிலேயே திரையின் பிக்சல் அளவை எழுதித் தரலாம். திரையை இயக்குபவரிடம் அந்த எண் இருக்கும். போட்டி அறிவிப்புகளை வெளியிடும் தங்கள் நாளிதழும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டுகிறோம்.

– படத்தொகுப்பாளர்கள் சிலர்,
சாலிகிராமம், சென்னை.